தலைமைக் காவலர் இதமாகப் பேசினார்

பேசுவது எப்படி என்று ஊருக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்களின் பேச்சை வீட்டில் யாரும் கேட்பதில்லை. உங்களில் ஆசிரியர்கள் இருந்தால் இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துத் திருச்சிக்குப் போய், சிறைக் காவலர்களுக்கு இதமாகப் பேசப் பயிற்சி கொடுத்தேன். அதில் எனக்கு வாய்த்தவர் தலைமைக் காவலர் ஆரோக்கியசாமி.

தயவுசெய்து உட்காருங்க

முதல் நாள் நடிப்புப் பயிற்சி. கைதியாக நிற்கும் ஒரு வார்டரிடம் ஆரோக்கியசாமி, "தயவுசெய்து உட்காருங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னார். கைதி உட்கார்ந்தார். சுவரோரம் நின்ற வார்டர்களும் உட்கார்ந்தார்கள். டீ கொண்டுவந்தவர் தட்டோடு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

"குரலைக் கொஞ்சம் இறக்கலாமே" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"இறக்கித்தான் பேசினேன் மேடம்."

வீட்டுப்பாடம்

வீட்டில் பழகிப் பார்க்கச் சொன்னேன். அதட்டக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது, "உங்க கஷ்டம் புரியுது" என்று சொல்ல வேண்டும். இரண்டு நாளில் அவர் மனைவியிடமிருந்து போன். வேலையில் ஏதும் பிரச்சினையா, மறைக்காமல் சொல்லுங்கள் என்றார். அதெல்லாம் இல்லை, பயிற்சிதான் என்று விளக்கினேன்.

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதுங்களா? அவங்க அக்காவைப் பத்தி நான் அவ்வளவு பேசியும் புரியுது, புரியுதுன்னே உட்கார்ந்திருந்தாங்க. பயந்துபோய் டாக்டர்கிட்ட டோக்கன் போட்டுட்டேன்."

மருங்காபுரி அம்மா

உறவினர்கள் கைதிகளைப் பார்க்கும் நேரம் முடிந்தபிறகு, மருங்காபுரியிலிருந்து ஓர் அம்மா வந்தார். உள்ளே மகன். வந்த பஸ் வழியில் நின்றுவிட்டதாம். வாசலில் ஆரோக்கியசாமி இருந்தார். அவர் பேசுவதைக் கவனிக்க நானும் பக்கத்தில் நின்றேன்.

"வாங்கம்மா, உட்காருங்க. தூரத்திலேர்ந்து வந்திருக்கீங்க, உங்க கஷ்டம் புரியுது. ஆனா நேரம் முடிஞ்சிடுச்சும்மா."

எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடியே. அந்த அம்மா கும்பிட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. இவர் இன்னும் இதமாக, இன்னொரு முறை சொன்னார். அவர் தலையாட்டினார், அப்போதும் எழவில்லை. ஆரோக்கியசாமி என்னைப் பார்த்தார். என்னிடமும் பாடம் தீர்ந்திருந்தது. பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவர் ஜெயிலரின் அறைக்குள் போனார். என்ன பேசினாரோ, அனுமதியோடு வந்தார்.

மகனைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி வந்த அந்த அம்மாவிடம், நேரம் முடிந்துவிட்டது என்று அவர் சொன்னது புரியவில்லையா என்று கேட்டேன்.

"புரிஞ்சுதுங்க. இவ்வளவு மரியாதையா பேசுற மனுசன் உள்ள விடாமலா போயிடுவாருன்னு உட்கார்ந்துட்டேன்."

முடியாது என்பதை இதமாகச் சொல்வது எப்படி என்று ஒரு வகுப்பு எடுக்கும்படி, இதைக் கேள்விப்பட்ட சிறை மேலதிகாரி என்னிடம் கேட்டார். எனக்கே தெரியாத பாடம், அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சரி என்றுவிட்டேன்.