ராகுகாலம் முடிந்ததும் படுத்த சர்வர்

கம்ப்யூட்டர் தொழிலில் பாதி காத்திருப்பு, மீதி அதற்கு வாங்கும் திட்டு; வாடிக்கையாளர் போனை எடுக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

என் மகள் எஸ்தர் தேனியில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து ஓர் ஆப் நடத்துகிறாள். போடியில் ஏலக்காய் விலை மாறினால் விவசாயி போனில் உடனே தெரியும். புகார் கேட்பது நான். படித்தது எட்டாவது, மற்றதெல்லாம் ஜெபம்.

வட்டம் சுத்துது

போன் போய்ச் சர்வரிடம் 'விலை மாறுச்சா?' என்று கேட்கும். மாறவில்லையென்றால் சர்வர் பதிலும் சொல்லாது, இணைப்பையும் வெட்டாது. பிடித்து வைத்திருந்து, மாறியதும் சொல்லும். அதுவரை திரையில் வட்டம் சுற்றும். "ரிப்பேர் இல்லைய்யா, உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு" என்றேன் ஒரு கம்பத்துப் பெரியவரிடம்.

"காத்துக்கிட்டு இருக்க நான் ஒருத்தன் பத்தாதா தாயி, அதுக்கு ஒரு போனு வேறயா?"

ஒரே ஆள்

முதலில், காத்திருக்கும் ஒவ்வொரு போனுக்கும் சர்வருக்குள் ஓர் ஆள் மாட்டிக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது. கூட்டம் சேர்ந்தால் புதிதாக வருபவரைக் கவனிக்க நாதியில்லை. எஸ்தர் அசிங்க்ரனஸ் சர்வருக்கு மாற்றினாள். இப்போது ஒரே ஆள். யாருக்குச் சேதி வந்ததோ அவரை மட்டும் கவனித்துவிட்டு அடுத்தவரிடம் ஓடும். ஏலக்காய் மண்டி முத்தையா அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். அவுக சொன்னாக:

"எங்க கடையில இத்தனை பேரு இருந்தும் ஒருத்தனும் யாரையும் கவனிக்கிறதில்ல, அந்த ஆளை இங்கன அனுப்பிவிடும்மா!"

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி

வெள்ளிக்கிழமை ஏலத்தில் ஆப் தாக்குப்பிடித்தால் மண்டிக்காரர்கள் எல்லோரும் அதில் சேர்வதாகப் பேச்சு. இல்லையென்றால் எஸ்தர் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான். பத்தரைக்கு மேல் ஆப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு அடித்ததும் பள்ளத்தாக்கே ஒரே நொடியில் ஆப்பைத் திறந்தது; சர்வர் படுத்துவிட்டது. வேதக்கார வீடு, ராகுகாலம் எங்களுக்கு எங்கே ஞாபகம் வரும்! அண்ணன் கூப்பிட்டாக:

"ஊருக்கெல்லாம் ராகுகாலம் முடிஞ்சிருச்சு, உங்க சர்வருக்கு இப்பத்தான் ஆரம்பிக்குதாம்மா?"

மறு வெள்ளி

கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு வெள்ளி வாங்கினோம். போன்களெல்லாம் ஒன்றாக வந்து மோதாமல், ஒவ்வொன்றும் சில நொடி முன்னே பின்னே வரும்படி எஸ்தர் மாற்றினாள். பன்னிரண்டு அடித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். "விழலம்மா, விழல!" என்று என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள், அந்த ஆட்டத்திலேயே போனை எடுத்தேன். முத்தையா அண்ணன்தான்:

"எல்லாரும் சேந்துக்கிறோம்னுட்டாக தாயி, ஆனா பக்கத்து மண்டிக்காரனுக்கு எனக்கு முன்னாடி எப்படி விலை வந்துச்சு?"

போன்களைப் பொறுமையாகக் காத்திருக்க வைக்க என் மகளால் முடிந்துவிட்டது. போன் வைத்திருப்பவர்களை அப்படிக் காத்திருக்க வைக்க கர்த்தர் ஒருவரால்தான் ஆகும்.