மேற்கே மலை, கிழக்கே விளக்கு

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் டியூப் லைட் வரக் காரணமானவன் நான்தான். நகராட்சிக்கு மனு எழுதியவன், வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவன், விளக்கு எரிந்த அன்று கம்பத்துக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தவன், எல்லாம் நானே. சந்துக்கு வெளிச்சம் வந்ததில் என்ன முட்டாள்தனம் என்று கேட்பீர்கள். அதற்கு அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் வேர்க்கடலை பயிரிட்டுப் பிழைத்த குடும்பத்தில் அண்ணன் மூத்தவராகப் பிறந்தார். பத்து வருடம் கழித்து, யாரும் எதிர்பாராத நேரத்தில் நான் வந்தேன். அப்பா காலமானபோது அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தார். மேலே படிக்க ஆசை இருந்தும், திருவண்ணாமலையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவையும் என்னையும் டவுனுக்கு அழைத்து வந்து என்னைப் படிக்க வைத்தார். நான் மூன்று முறை பெயிலானதை அவருடைய பொறுமைக்குச் சான்றாக மட்டுமே இங்கே குறிப்பிடுகிறேன்.

திருமணமான இரண்டாம் வருடமே அண்ணி காய்ச்சலில் போய்விட்டார். குழந்தை இல்லை. மறுமணப் பேச்சோடு வந்தவர்களுக்கு அண்ணன் காபி கொடுத்து அனுப்பினார். அந்த வருடம்தான், எழுபதுகளின் தொடக்கத்தில், தடித்த கண்ணாடி வட்டு ஒன்றைக் கொண்டுவந்து தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்து, எமரித் தூள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். எட்டு மாதம் சரக் சரக்கென்று அதே சத்தம். உங்க அண்ணன் யாருக்கு இவ்ளோ மாவு அரைக்கிறாரு என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் விசாரித்தார். தேய்த்த கண்ணாடிக்கு வெள்ளி பூசி, தகரக் குழாயில் பொருத்தியதும் என் உயரத்துக்கு ஒரு தொலைநோக்கி எழுந்து நின்றது.

ஊரே மலையைப் பார்த்துக் கும்பிடும்; அண்ணன் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். பக்தி இல்லாமல் இல்லை. எங்கள் தோட்டத்திலிருந்து பார்த்தால் மேற்கு வானத்தில் பெரும்பகுதியை மலை எடுத்துக்கொள்ளும். அவருக்கு மிச்சம் கிழக்குதான். கரண்ட் போனால் தெருவே மின்வாரியத்தைத் திட்டும்போது, எங்கள் தோட்டத்தில் மட்டும் ஒருவர் சந்தோஷமாக ஸ்டூலை இழுத்துப் போடும் சத்தம் கேட்கும்.

நெபுலாக்களும் கேலக்ஸிகளும் நட்சத்திரக் கூட்டங்களுமாக நூற்றுப்பத்து அடங்கிய பட்டியல் ஒன்று அவரிடம் இருந்தது. அத்தனையையும் தன் கண்ணால் பார்த்துப் பென்சிலால் வரைந்துவிட வேண்டும் என்பது ஒன்றே அவர் தனக்கென்று வைத்துக்கொண்ட ஆசை. இந்த நினைவு மலரின் எதிர்ப்பக்கத்தில் அவர் வரைந்த படம் ஒன்றை அச்சிட்டிருக்கிறோம். மை கொட்டிவிட்டதாக நினைத்து அச்சகத்தாரைக் கோபிக்க வேண்டாம். அது ஒரு கேலக்ஸி.

ஒருமுறை ஆண்ட்ரோமெடாவைக் காட்ட என்னைக் கூப்பிட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ‘நேரா மொறச்சுப் பாக்காத, ஓரக்கண்ணால பாரு’ என்றார். பார்த்தேன். கண்ணாடியில் மூச்சு பட்டதுபோல ஏதோ தெரிந்தது. அந்த வெளிச்சம் கிளம்பி இருபது லட்சம் வருடம் ஆகிறது என்றார். ‘அப்போ இது பழைய சோறுண்ணா’ என்றேன். சிரித்தார். பிறகு என்னைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. எனக்கு டீக்கடையில் ஜோலி இருந்தது. வருடக்கணக்காக, சாப்பாடு ஆனதும் அவர் தோட்டத்துக்குப் போவதும், நாங்கள் உள்ளே ரேடியோ கேட்பதுமாக இருந்தோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பொதுநலம் பிடித்தது. சந்தின் கடைசி வீட்டு நர்ஸம்மா டூட்டி முடிந்து இருட்டில் சாக்கடையோரம் நடந்து வருவார். அண்ணனும் தோட்டத்தில் இடறி முழங்காலைச் சிராய்த்துக்கொள்வார். இருவருக்குமாகச் சேர்த்து மனு எழுதினேன். அண்ணனிடம் நீட்டியபோது இரண்டு முறை படித்துவிட்டு, பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டார். விளக்கு எரிந்த அன்று நான் கொடுத்த லட்டையும் வாங்கிக்கொண்டார். கம்பம் நின்ற இடம் எங்கள் தோட்டத்துக்கு நேர் கிழக்கு. ஆக, மேற்கே மலை, கிழக்கே நான்.

ஆறு மாதம் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. என் மனைவிதான் கேட்டாள்: ‘மாமா அந்தக் கொழாயத் தொட்டே எவ்ளோ நாளாச்சு. நீங்க பாக்கலியா?’

‘ஏன், ரிப்பேரா?’

‘நீங்க போட்ட லைட்டுல நட்சத்திரம் எங்கங்க தெரியும்?’

தோட்டத்தில் போய்ப் பார்த்தேன். குழாயின் வாயை அலுமினியத் தட்டு ஒன்று மூடியிருந்தது. அண்ணன் பக்கத்து ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தார். பட்டியலில் எழுபத்திரண்டு முடிந்திருந்தது. மிச்சத்தில் பாதிக்கு மேல் பங்குனி, சித்திரையில் கிழக்கே ஏறி வரும் மங்கலான கேலக்ஸிகள்.

மனு எழுதி வந்த விளக்கை இன்னொரு மனு எழுதி எடுக்கச் சொல்ல எந்த முகத்தோடு போவது? பங்குனி பிறந்ததும், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான நான், சந்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கல்லெறிந்தேன். ஏழு கல் குறி தவறி, ஒன்று எங்கள் வீட்டுக் கூரை ஓட்டையே உடைத்தது. எட்டாவது கல்லில் விளக்கு போனது.

அன்று அண்ணன் தட்டை எடுத்தார். மூன்று நாள் சாப்பாட்டை மறந்தார். இரண்டு படம் வரைந்தார். எதிர்ப்பக்கத்தில் இருப்பது அதில் இரண்டாவது. மூன்றாம் நாள் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நர்ஸம்மா சாக்கடையில் கால் தவறி விழுந்துவிட்டார். அண்ணன்தான் ஓடிப்போய்த் தூக்கி, டார்ச் அடித்து வீட்டில் கொண்டுபோய் விட்டார். மறுநாள் காலை கடைக்குப் போகுமுன் நகராட்சிக்குப் போய், விளக்கு உடைந்திருக்கிறது, உடனே மாற்றவும் என்று தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். உடைத்தது யார் என்று அவர்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என்னிடமும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சாயங்காலம் விளக்கு எரிந்தது. தட்டு மூடிக்கொண்டது.

அதன் பிறகு அவருக்குக் கடையும் வீடுமாகவே வருடங்கள் போயின. கரண்ட் போனால்கூட எழுந்திருக்கவில்லை. எந்நேரமும் வந்துவிடும் என்பார். சென்ற ஆண்டு நுரையீரல் நோயில் படுத்தவர் எழவில்லை. யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று, இருமலைக்கூட அடக்கிப் பார்த்தார்.

மூன்று மாதம், டூட்டி முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்து ஊசி போட்டுவிட்டுப் போன நர்ஸம்மாவுக்கும், வேலைக்கு வராத நாளுக்கும் அண்ணனின் சம்பளத்தைக் குறைக்காத கடை முதலாளிக்கும், கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் பிடித்து வந்து தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், இந்த முதலாண்டு நினைவில் எங்களோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசி வாரத்தில் ஒருநாள், நர்ஸம்மா ஊசி போட்டுவிட்டுப் போன பிறகு, எனக்குப் பொறுக்கவில்லை. கிண்டல் பண்ணிச் சமாளிக்கவும் வரவில்லை. ‘இன்னும் முப்பத்தாறு பாக்கி நின்னுபோச்சேண்ணா. என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்ல’ என்றேன்.

அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டே சொன்னார்:

‘மூணு நாள் பாத்தேன்ல, போதும்டா.’