பக்கத்துப் பெயர்க்காரி

அந்த ஊரில் அவளைப் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்கள்தான் அதிகம்.

பேருந்து நிலையத்தின் நடுவில் சின்னதாக ஓர் அறை. நாலு பக்கமும் கண்ணாடி வைத்துத்தான் கட்டினார்கள்; மூன்று பக்கத்தை விளம்பரம் ஒட்டி அடைத்துவிட்டார்கள். மிச்சமிருந்த பக்கம் கழிப்பறை வாசலைப் பார்த்திருந்தது. அந்த அறைக்குக் கூண்டு என்று பெயர். உள்ளே உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று மைக்கில் சொல்பவள் கூண்டக்கா. ஓட்டுநர், நடத்துநர், பழக்கடைக்காரர் எல்லாருக்கும் அவள் அதுதான்.

"உங்க குரலுக்கு இன்னும் இருபது வயசுதான் ஆகுது அக்கா," என்பார்கள்.

"குரலைக் கேட்டு மயங்கி ரெண்டு பேரு கூண்டு வரைக்கும் வந்தாங்கப்பா. ஆளைப் பார்த்ததும் கிடைச்ச பஸ்ஸுல ஏறிட்டாங்க. எங்க போற வண்டின்னுகூடக் கேக்கல."

கூண்டின் கதவில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதன் வழியாகத் துண்டுச் சீட்டுகள் வந்து விழும். வண்டி தாமதம். குழந்தையைக் காணோம். இன்னாருடைய தகப்பனார் தவறிவிட்டார், உடனே வீடு திரும்பவும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படியொரு சாவுச் சீட்டை வாசிக்கப்போய்த் தொண்டை அடைத்துப் பாதியில் நின்றுவிட்டாள். அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. சீட்டை முன்கூட்டிப் படித்துப் பார்ப்பதில்லை. கண்ணில் வாங்கி அப்படியே வாயில் விட்டுவிடுவாள். நெஞ்சுப் பக்கம் போக விடமாட்டாள்.

அவள் வாசித்ததெல்லாம் ஆபீஸ் மொழியில். ஊரில் பாதிக்கு மேல் வீட்டு மொழிதான் பேசியது. ஆனால் பள்ளிக்கூடம், கோர்ட்டு, மைக் எதிலும் அது வரக்கூடாது என்று சட்டம். அறிவிப்புப் புரியாமல் விழிக்கும் வயசாளிகளை அந்த ஒரு பக்கக் கண்ணாடி வழியே கண்டால், கூண்டைவிட்டு இறங்கி வந்து காதோடு காதாகச் சொல்லிவிட்டு ஓடுவாள். டிக்கெட் பரிசோதகர் ஒருவர், எல்லாரும் செக்கர் என்று கூப்பிடும் ஆள், டிப்போவுக்குள் வீட்டு மொழியில் சத்தம் போட்டுப் பேசியதற்காக ராணுவத்தாரிடம் அடி வாங்கினார். முன்பல் ஒன்று போயிற்று. அதன்பிறகு அவர் சிரிப்பதே குறைந்துவிட்டது.

பிறகு தலைநகரில் ஆட்சி கவிழ்ந்தது. ராணுவ லாரிகள் திரைச்சீலையை இறக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போயின. கூண்டில் தொங்கிய தலைவர் படத்தை யாரோ கழற்றிக்கொண்டு போக, சுவரில் சதுரமாக ஒரு வெளுப்பு மட்டும் நின்றது. புதிய ஊர்க்குழுவில் செக்கரும் இருந்தார். துளையில் சீட்டுப் போடாமல் கதவைத் திறந்து நேராக உள்ளே வந்தார்.

"அக்கா, இனிமே நம்ம மொழியில சொல்லுங்க."

"நிஜமாவா?"

"பல்லு போனவன் பொய் சொல்லுவேனா?"

அவள் மைக்கைத் தட்டினாள். வடக்கே போகும் வண்டி மூன்றாம் மேடையில் நிற்கிறது, அவ்வளவுதான் செய்தி. அதை வீட்டு மொழியில் சொல்லி முடித்தபோது நிலையம் முழுக்க ஆட்கள் நட்ட மரம்போல நின்றார்கள். யாரும் மூன்றாம் மேடைக்குப் போகவில்லை. "இன்னொரு தடவை சொல்லும்மா!" என்று ஒரு கிழவர் கத்தினார். அவள் சொன்னாள். அந்த வாரம் முழுக்க அவள் குரலில் ஒரு துள்ளல் இருந்தது.

ஆனால் வீட்டில் ஒரு காலி நாற்காலி இருந்தது.

பழைய ஆட்சியில் அவளுடைய தம்பியைக் கட்டாயப் படைச்சேர்ப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவனுக்கு ஆபீஸ் மொழி அரைகுறைதான். அந்த மொழியில் கட்டளை கேட்டு, மலைப்பக்கம் சண்டைக்குப் போனான். எதிரே நின்றவர்கள் வீட்டு மொழிப் பையன்கள். அங்கேயே செத்தான். உடல் வரவில்லை. அதற்குப் பதில் ஊர்ச் சதுக்கத்தில் நின்ற வெற்றித்தூணில் ஒரு பெயர் கூடியது.

தூணின் உச்சியில் மலையைக் குறி பார்க்கும் சிப்பாய். கீழே ஆபீஸ் மொழியில் வரிவரியாகப் பெயர்கள். வீட்டு மொழிக்காரர்கள் அந்தப் பக்கம் போகும்போது துப்பிவிட்டுப் போனார்கள். மலையில் செத்த தங்கள் பிள்ளைகளுக்குக் கல் வைப்பது கிடக்கட்டும், வாய்விட்டு அழக்கூட விடாத நாட்களில் அந்தத் தூணை யார்தான் பொறுத்துக்கொள்வார்கள்?

அவள் அம்மாவுக்கு அந்த எழுத்துத் தெரியாது. மகனின் பெயரை விரலால் தெரியும். ஞாயிறுதோறும் ஈரத்துணியோடு போய் அந்த ஒரு வரியைத் துடைப்பாள். அதற்கு அடுத்த வரியைத் துடைக்க இன்னொரு பெண்மணி வருவாள். தூரத்து ஊர், ஆபீஸ் மொழிக்காரி, வீட்டு மொழியில் ஒரு சொல் தெரியாது. இருவரும் பேசிக்கொண்டதில்லை. ஒரே வாளித் தண்ணீரில் துணியை நனைத்துக்கொள்வார்கள். வீட்டில் அம்மா அவளைப் பக்கத்துப் பெயர்க்காரி என்பாள். "பக்கத்துப் பெயர்க்காரிக்கு இன்னிக்கு முட்டி வலி போலருக்கு. குனியவே முடியல பாவம்."

ஆட்சி மாறிய வேகத்தில் ஊர்க்குழு இரண்டு தீர்மானம் போட்டது. ஒன்று, மைக்கில் இனி வீட்டு மொழி மட்டும். ஆபீஸ் மொழி கூடவே கூடாது. இரண்டாவது, வெற்றித்தூணை இடிப்பது.

செக்கர் மறுபடியும் கூண்டுக்குள் வந்தார். இந்த முறை கையில் பதிவுக் கருவி, ஒரு சீட்டு.

"ஞாயித்துக்கிழமை காலையில தூணை இறக்குறோம் அக்கா. வண்டியில ஸ்பீக்கர் கட்டித் தெருத்தெருவா சொல்லணும். உங்க குரல்தான் வேணும்னு எல்லாரும் சொல்றாங்க."

அவள் சீட்டை வாங்கவில்லை. "அதுல என் தம்பி பேரு இருக்குப்பா."

"தெரியும் அக்கா." செக்கர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். "எங்க அண்ணனும் அதே மலையிலதான் போனான். அவனுக்கு ஒரு செங்கல்லாவது வச்சாங்களா? உங்க தம்பி சுட்டதுதான் அவன் மேல பட்டுச்சோ என்னவோ. ஒரு நாளாவது கேட்டிருக்கேனா?"

கையை நீட்டிச் சீட்டை வாங்கினாள். எத்தனையோ சீட்டை வாசித்ததுபோல இதையும் வாசித்தாள். கண்ணில் வாங்கி, வாயில் விட்டாள். தடுமாறாமல் ஒரே மூச்சில் முடித்தாள். "சூப்பர் அக்கா," என்றார் செக்கர்.

மறுநாள் சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் வண்டி திரும்பியது. தன் குரல் தன்னை நோக்கி வருவதை அவள் அதுவரை கேட்டதில்லை. கூண்டுக்குள் இருப்பவளுக்கு வெளியே ஒலிப்பது எங்கே கேட்கும்? *வாருங்கள். நம் மண்ணில் நின்ற அவமானத்தைச் சாய்ப்போம். குடும்பத்தோடு வாருங்கள்.* எவ்வளவு இனிமையாக இருந்தது அந்தக் குரல். தொலைந்த பையை வாங்கிக்கொள்ளக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டது. வண்டி வீட்டைத் தாண்டிப் போனபின்னும் அது அடுத்த தெருவில், அதற்கடுத்த தெருவில் பேசிக்கொண்டே இருந்தது.

உள்ளே அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் குரல்தானே?"

"ஆமாம்மா."

"நல்லாத் தெளிவா இருந்துச்சு."

திட்டியிருந்தால் தேவலை. அம்மா ஒரு தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அவளுக்கு யாரு சொல்வாங்க?"

"யாருக்கு?"

"பக்கத்துப் பெயர்க்காரிக்குத்தான். எந்த ஊருன்னு தெரியாது. வழக்கம்போல ஈரத்துணியைப் பையில வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை வந்து இறங்குவா. நேரா சதுக்கத்துக்குப் போவா. அங்க கடப்பாரையும் கையுமா ஊரே நிக்கும். வாயைத் திறந்தா ஆபீஸ் மொழி. விடுவாங்களாடி அவளை?"

"நான் பார்த்துக்கறேம்மா."

"எப்படிப் பார்ப்ப? உன் கூண்டுலேருந்து கக்கூஸ்தானே தெரியும்."

ஞாயிறு காலை சிறப்பு வண்டிகள் விட்டிருந்தார்கள். நிலையம் ஜனங்களால் பொங்கியது. கொடிகள், கோஷம், தோளில் குழந்தைகள். அம்மா கூண்டுக்குள் ஒரு மூலையில், பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கூண்டக்கா இரண்டு முறை இறங்கி ஓடி மேடை மேடையாகத் தேடினாள். கூட்டத்தில் எல்லாக் கிழவிகளும் ஒன்றுபோல இருந்தார்கள். திரும்பி வந்தபோது துளை வழியாக ஏழெட்டுச் சீட்டுகள் விழுந்து கிடந்தன. கீழ்ப்பக்கத்து ஆபீஸ் மொழி ஊர்களின் வண்டிகள் வந்து சேரும் நேரமாகியிருந்தது.

சதுக்கத்துப் பக்கமிருந்து ஒரு பெரிய ஆரவாரம் கேட்டது.

"கட்ட ஆரம்பிச்சுட்டாங்க போல," என்றாள் அம்மா. "கயித்தை."

கூண்டக்கா மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். எந்தச் சீட்டும் கையில் இல்லை. பக்கத்து வரியில் இருந்த பெயரை, அம்மாவைக் கூட்டிவரத் தூணுக்குப் போன அத்தனை ஞாயிறுகளில் அவள் மனப்பாடமாகப் படித்திருந்தாள். ஆபீஸ் மொழியில் பேசினாள். இன்ன பையனுடைய அம்மா நிலையத்தில் இருந்தால், சதுக்கத்துக்குப் போக வேண்டாம். நடுவில் இருக்கும் அறைக்கு வரவும். பக்கத்தில் துடைப்பவர் இங்கே உங்களுக்காக உட்கார்ந்திருக்கிறார். பாதியில் தொண்டை அடைத்தது. விழுங்கிக்கொண்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னாள்.

வெளியே கோஷம் அறுந்தது. "எவடி அவ, அந்தப் பாஷை பேசறது?" என்று ஒரு குரல். கண்ணாடியில் ஒரு கல் வந்து பட்டு, விளம்பரப் படத்தின் பின்னால் விரிசல் ஓடியது. கதவைப் பலமாகத் தட்டினார்கள். அம்மா எழுந்துபோய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

தட்டுவது நின்றது. செக்கரின் குரல் கேட்டது. "தள்ளுங்கப்பா, தள்ளுங்க. எனக்குத் தெரிஞ்ச அம்மா இது." அம்மா விலக, கதவு கொஞ்சமாகத் திறந்தது. அவர் முன்னே, அவர் கைப்பிடியில், பக்கத்துப் பெயர்க்காரி நின்றாள். அவள் தலைத்துணி நழுவியிருந்தது. பையை நெஞ்சோடு இறுக்கியிருந்தாள்.

செக்கர் கூண்டக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏன் அக்கா இப்படிப் பண்ணீங்க," என்று மட்டும் தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வெளியே நின்று கதவைச் சாத்தினார்.

உள்ளே மூன்று பேருக்கு இடம் போதவில்லை. சற்று நேரத்தில் தரை லேசாக அதிர்ந்தது. மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரில் வளையம் ஓடி அடங்கியது. இரண்டு தாய்மார்களும் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூண்டக்காவுக்கு அதன்பிறகு மைக் இல்லை. பயணிகள் விட்டுப்போன சாமான்களைக் காக்கும் அறைக்கு மாற்றினார்கள். புது ஆள் தேடவில்லை. வீட்டு மொழியில் அவள் முன்பே பேசிய அறிவிப்புகள் பதிவில் இருந்தன, அவற்றையே ஓட்டினார்கள். கிழிந்த பைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தன் குரலைக் கேட்டாள். அந்தக் குரலுக்கு எதுவுமே நடந்திருக்கவில்லை. அது அதே துள்ளலோடு மூன்றாம் மேடைக்கு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. சில நாள் அவளும் எழுந்துவிடுவாள்.

தூணை நகராட்சிக் கிடங்கின் பின்புறம் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். பெயர்கள் இருந்த பக்கம் மண்ணில் குப்புற. புரட்டிப் போட கிரேன் வேண்டும், யாரிடம் கேட்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் அங்கே போனார்கள். கிடங்குக் காவலாளி நல்ல மனுஷன். கேட்டைத் திறந்துவிட்டு, கல்லைக் காட்டினார்.

"நிக்காதீங்கம்மா, வயசானவங்க. அது மேலயே உக்காருங்க. இனிமே யாரு கேக்கப்போறா?"

"அவன் முதுகுல உக்காரச் சொல்றீங்களா?" என்றாள் அம்மா.

காவலாளி திரும்பிப் போய்விட்டார். பக்கத்துப் பெயர்க்காரி என்ன பேச்சு என்று கண்ணால் கேட்டாள். கூண்டக்கா ஆபீஸ் மொழியில் மெதுவாகச் சொன்னாள். அந்த அம்மாள் கல்லையும் மண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் மொழியில் கேட்டாள்: அது முதுகு என்றால், பிள்ளைகளின் முகம் இப்போது எங்கே இருக்கிறது?

"என்னடி சொல்றா?" என்றாள் அம்மா.

"வெயில் ஏறுதுன்னு சொல்றாம்மா."

"ஏறட்டும்," என்றாள் அம்மா. அவள் நகரவில்லை.