குறி சுட்ட கன்று

இதை எழுதுவது கஜேந்தினிக்குப் பிடிக்காது. ஆனாலும் எழுதத்தான் போகிறேன். அந்தப் படங்களை நானும் பார்த்தேன். பட்டப்பகலில், சுவிஸ் லாங்கன்தாலில், அவள் வீட்டு மேசையில்.

விலங்கியல் படிக்கிறவள். பேய் என்றால் விழுந்து விழுந்து சிரிப்பாள். வன்னியில் கண்ணிவெடி அகற்றாத காடு ஒன்று. 2009க்குப் பிறகு அங்கே மனிதக் கால் படவில்லை. வேலியோரக் கமராக்கள் அனுப்பும் படங்களில் விலங்குகளை எண்ணுவது அவளுடைய பகுதிநேர வேலை. மான், மயில், கரடி, சிறுத்தை... மனிதத் தொல்லை இல்லாமல் எல்லாம் கொழித்திருந்தன. விட்டுப்போன மாடுகள்கூடப் பெருகிக் காட்டு மாடுகளாகியிருந்தன.

பெப்ரவரி. சனிக்கிழமை பிற்பகல் 2.40.

ஒரு கன்று. பிறந்து இரண்டு மாதம் இருக்கும். பின்தொடையில் ஏதோ கறுப்பாக...

பெரிதாக்கினாள். சூட்டுக் காயம். பச்சைப் புண். சூலம் மாதிரி ஒரு குறி, ஆனால் இடது இலை இல்லை.

கீழே வாஷ்கூக்கியில், அதுதான் கட்டடத்தின் பொதுச் சலவை அறையில், உடுப்புத் தோய்த்து எடுத்துக்கொண்டு தாய் சிவமலர் ஏறி வந்தாள். திரையைப் பார்த்தாள். தொப்... கூடை விழுந்தது.

“அண்ணையின்ர குறி.”

“என்னம்மா?”

“குறி இரும்பில ஒரு இலை உடைஞ்சு போச்சு. திருத்தாமலே சுடுவார்.”

சிவமலரின் அண்ணன் ஜெகதீஸ்வரன். சண்டையின் கடைசி நாட்களில், கட்டி நின்ற மாடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனவர். வரவே இல்லை. சிவமலர் அன்றுவரை அவருக்குத் திவசம் கொடுத்திருக்கவில்லை. கொடுக்கச் சொன்னவர்களோடு அவள் முகம் கொடுத்தும் கதைத்ததில்லை.

“அண்ணை உயிரோட இருக்கிறார், பிள்ளை! தேடச் சொல்லு!”

கஜேந்தினி கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தாள். முந்தைய பதிவுகளைத் தேடினாள்.

வன்னி நேரம் மாலை 5.51. கன்றின் தொடையில் ஒன்றும் இல்லை.

5.54. காணொளி, பத்து விநாடி. மாடுகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றன. தரையில் மெல்லிய புகை. ஆளில்லை.

கன்று விழுகிறது. நாலு காலும் ஒன்றாக... யாரோ கட்டியது போல.

ஸ்ஸ்ஸ்...

கன்று கத்துகிறது.

5.58. பச்சைப் புண்.

அன்றே அவள் கண்ணிவெடி அகற்றும் குழுவுக்குக் கெஞ்சி எழுதினாள். புகை தெரிந்த இடம்வரை துப்புரவாக்க அவர்களுக்கு மூன்று மாதம் பிடித்தது.

மே ஒன்பதாம் தேதி பதில் வந்தது. பாலை மரத்தடியில் எலும்புகள். விரல்களுக்குள் குறி இரும்பு. பொலித்தீனில் சுற்றிய அடையாள அட்டை. பெயர் ஜெகதீஸ்வரன். இறந்து பதினைந்து வருடத்துக்கு மேல் என்றார் வைத்தியர்.

சிவமலர் மூன்று நாள் அழுதாள். பிறகு பேர்ன் கோயிலில் ஐயரைப் பிடித்துத் திவசம் கொடுத்தாள். “இனி அண்ணை ஆறுதலா இருப்பார்,” என்றாள். அன்றுதான் அவள் நிம்மதியாகத் தூங்கியதைக் கஜேந்தினி கண்டாள்.

திவசம் முடிந்து பதினொரு நாள். புதுப் படங்கள் வந்தன.

எலும்புகளோடு அந்த இரும்பையும் எடுத்துப்போய், அலுவலக அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். கஜேந்தினி தொலைபேசியில் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். ஓம், பூட்டித்தான் இருக்கிறதாம்.

மாலை 5.58. வேறொரு கன்று.

பச்சைப் புண். இடது இலை இல்லை.

தாய்க்கு அவள் இன்னும் காட்டவில்லை.