முத்திரை வைத்த பெட்டியோடு பாகூருக்கு

சிதம்பரத்தில் பிரசவம் பார்க்கப் படித்த எனக்குப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது அந்நியச் சீமையில், பிரெஞ்சுக்காரர் ஆளும் பாகூரில். சென்ற மாசியில் புறப்பட்டேன். முதல் நாள் மாலை ஐந்துக்குள் வந்து சேராவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா போனபின் எங்கள் வீட்டுக்குச் சோறு அந்த இடம்தான்.

முதலில் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிய வேண்டும். அங்கிருந்து பாகூர் பன்னிரண்டு மைல். ஒற்றை மாட்டு வண்டிக்கு ஒன்றே கால் ரூபாய் கொடுத்தேன். பேரம் பேசத் தெரிந்தவர்கள் ஒரு ரூபாயில் முடிக்கலாம்.

வழியில் ஒரு துண்டு நிலம் ஆங்கிலேயருடையது. "இந்த வரப்பு இங்கிலீசுக்காரன்து, அந்தாண்ட பிரெஞ்சுக்காரன்து. மாட்டுக்கு இன்னாம்மா தெரியும்?" என்றார் வண்டிக்காரர். அதற்குள் நுழைகிற சுங்கச் சாவடியில், வழியில் எதையும் எடுத்து விற்காதபடி என் பெட்டியைக் கயிற்றால் கட்டி, முடிச்சின்மேல் அரக்கு முத்திரை வைத்தார்கள். அந்த நிலத்தை விட்டு வெளியேறும் அடுத்த சாவடியில் முத்திரை உடைந்திருந்தால் பெட்டி பறிபோகும், ஆளையும் நிறுத்திவைப்பார்கள்.

இரண்டு சாவடிக்கும் நடுவே, கரும்புக் கொல்லையிலிருந்து ஒருவர் ஓடிவந்து வண்டியை மறித்தார். "சாவடியில சொன்னாங்க, நீ மருத்துவச்சியாமே? எம் பொண்டாட்டிக்கு நேத்துலேர்ந்து வலி. வூட்டுக்கு வாம்மா!"

அந்த வீட்டில் எல்லா முடிச்சையும் அவிழ்த்திருந்தார்கள். பெண்களின் கூந்தல், உறிக் கயிறு, கன்றுக்குட்டியின் கழுத்துக் கயிறு எல்லாம். கட்டு இருக்கும் வீட்டில் பிள்ளை வெளியே வராதாம். வண்டிக்காரர் பெட்டியைக் கொண்டுவந்து வைத்ததும் மாமியார் பதறினாள்.

"கட்டுன பொட்டிய இன்னாத்துக்குக் கொண்ணாந்தே? அவுத்துடுடி!"

முடிச்சுக்கும் பிரசவத்துக்கும் சம்பந்தமில்லை என்று படித்தவள் நான். ஆனால் படுத்திருந்த பெண்ணின் கண் அந்தக் கயிற்றை விட்டு நகரவில்லை. பயத்தில் உடம்பை இறுக்கிக்கொண்டு கிடந்தாள். என் கத்தரிக்கோலும் நூலும்கூட அதற்குள்தான். முத்திரையை உடைத்தேன். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள்.

தாய் பிழைத்தாள். பிள்ளை உயிரோடு வரவில்லை. ஆண் பிள்ளை.

நான் பெட்டியை மூடியபோது அந்தப் பெண் கயிற்றைக் கேட்டாள். படுத்தபடியே அவளே முடிச்சுப் போட்டாள்.

"நீ போற எடத்துலயாவது ஒண்ணு நல்லபடியா பொறக்கட்டும் கண்ணு."

அடுத்த சாவடியில், "முத்திரைய யாரு ஒடச்சது?" என்றார் காவலர். நான்தான் என்று நடந்ததைச் சொன்னேன். "அவுத்துக் காட்டு" என்றார். கயிற்றில் கை வைத்தேன். என்னால் முடியவில்லை. நீங்களே அவிழ்த்துக்கொள்ளுங்கள் என்று அழுதுவிட்டேன். அவரும் தொடவில்லை. பெட்டியை அப்படியே உள்ளே வைத்துவிட்டு என்னைப் போகச் சொன்னார்.

இந்த வழியில் வருகிற மருத்துவப் பெண்கள் கத்தரிக்கோலையும் நூலையும் பெட்டியில் போடாதீர்கள். சாவடியில் காட்டிவிட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுப் புடவை ஒன்றும் கையில் இருக்கட்டும்.

பாகூர் போய்ச் சேரும்போது ஐந்து தாண்டிவிட்டது. வெறுங்கையோடும் ரத்தக்கறை பட்ட புடவையோடும் வாசலில் நின்றேன். தலைமைத் தாதி என்னை ஏற இறங்கப் பார்த்தார். இடம் போயிற்று என்றே நினைத்தேன்.

"தாய் பொழச்சாளா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன்.

"கையக் கழுவிக்கினு வா. உள்ள ஒருத்தி வலியில கீறா."