நூற்றுப் பதினெட்டு மீட்டர்

எண்தான் முதலில் வந்தது. பயம் அப்புறம்தான் வந்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். ஆவடி பருத்திப்பட்டில் நாங்கள் குடியிருக்கும் ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில், கையில் கோல்ஃப் மட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். பந்தை அடித்தேன். அடித்ததும் வழக்கம்போலத் தரையில் சாய்த்து வைத்திருந்த செல்போனைத்தான் திரும்பிப் பார்த்தேன். திரையில் 118 மீட்டர் என்று வந்தது. அதுவரை நான் தொண்ணூறைத் தாண்டியதே இல்லை. "அடி சக்கை!" என்று கத்தியே விட்டேன். கத்தி முடித்து நிமிர்ந்தபோது, எதிரே கட்டியிருந்த வலையின் மேல் மூலை ஒன்று அவிழ்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பந்து வலையில் இல்லை. மாடியிலும் இல்லை.

நாற்பத்தாறு வயதில் உனக்கு எதற்குக் கோல்ஃப் என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்டார். "டாக்டர் வாக்கிங் போகச் சொன்னா கால் வலிக்குது. க்ளையன்ட் சொன்னா மட்டும் கட்டையத் தூக்கிட்டு மாடி ஏறுற" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஐ.டி. கம்பெனியில் இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். வெளிநாட்டு க்ளையன்ட்டின் பெரிய அதிகாரி வருடம் ஒருமுறை சென்னைக்கு வருவார். மீட்டிங்கெல்லாம் ஒப்புக்கு. அடுத்த ப்ராஜெக்ட் யார் கைக்குப் போகிறது என்பது, அவரோடு கோல்ஃப் மைதானத்தில் நடப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் போய் வந்தார்கள். நான் அவர்கள் எடுத்துவந்த போட்டோவுக்கு லைக் போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் ஒரு வீடியோ காலில் அந்த அதிகாரி, யாரெல்லாம் விளையாடுவீர்கள் என்று கேட்டார். நானும் விளையாடுவேன் என்று சொல்லிவிட்டேன். என் வாய் என்றைக்கு என்னைக் கேட்டுப் பேசியது? கேமராவை அணைத்த பிறகுதான் கோல்ஃப் எப்படி ஆடுவது என்று யூடியூபில் தேடினேன். கோல்ஃப் மட்டையை நான் அதுவரை தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அவர் வருவதற்கு மூன்று மாதம் இருந்தது.

பயிற்சி மைதானம் ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. ஆவடியிலிருந்து போய் வர அரை நாள் போய்விடும். நாலைந்து ஞாயிற்றுக்கிழமை போய் மட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். அப்புறம் ஒரு வலை, ஒரு பச்சைப் பாய், செகண்ட் ஹேண்டில் ஒரு மட்டை வாங்கி மாடியிலேயே ஆரம்பித்தேன். ஆபீஸில் ஒரு நல்ல மனுஷன் தன்னிடம் இருந்த லான்ச் மானிட்டரை இரண்டு வாரத்துக்குக் கொடுத்தார். பேரைக் கேட்டால் ஸ்ரீஹரிகோட்டா ஞாபகம் வரும். பார்த்தால் டிபன் டப்பா அளவுதான். பந்துக்குப் பின்னால் தரையில் வைத்துவிட்டால், பந்து என்ன வேகத்தில், எந்தக் கோணத்தில் கிளம்பியது என்று அளந்து, அது தரையைத் தொடாமல் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று செல்போனில் சொல்லும். பந்து மூன்று மீட்டரில் வலைக்குள் விழுந்து கிடக்கும். திரையிலோ ஒரு பச்சைப் புல்வெளி வரும், அதன்மேல் ஒரு வெள்ளைக் கோடு வளைந்து போய் இறங்கும். புல்வெளியில் ஆள் நடமாட்டமே இருக்காது. முதலில் தூரத்தைக் கெஜத்தில் காட்டியது. கெஜக்கணக்கு எனக்குப் புடவையோடு சரி என்று மீட்டருக்கு மாற்றிக்கொண்டேன்.

நான் செய்த முட்டாள்தனத்துக்கு வருகிறேன். வலையை முதலில் தண்ணீர்த் தொட்டிச் சுவரை ஒட்டித்தான் கட்டியிருந்தேன். வலை தவறினாலும் பந்து சுவரில் மோதி என் காலடிக்கே வந்துவிடும். ஆனால் அந்தப் பக்கம் இடம் குறுகல். பந்துக்குப் பின்னாலும் முன்னாலும் இவ்வளவு இடம் வேண்டும் என்று அந்த டப்பாவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இடம் போதவில்லை, இடம் போதவில்லை என்று திரையில் சிவப்பாகக் காட்டிக்கொண்டே இருந்தது. பாதி அடிகளை எண்ணவே இல்லை. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வலையை அவிழ்த்து, திறந்த பக்கம் பார்த்து, ஏரிப் பக்கமாகத் திருப்பிக் கட்டினேன். துணி காயப்போடும் கொடிக் கயிற்றால் நானே போட்ட முடிச்சு. டப்பா உடனே பச்சை விளக்கைக் காட்டியது. பெரிய காரியம் சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

கைப்பிடிச் சுவரண்டை ஓடினேன். கீழே ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பூவரச மரங்கள், தகரக் கூரைகள், அதற்கும் அப்பால் ஏரி. புதிதாக ஒரு அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே கலவை மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த சத்தம் தினமும் கேட்பதுதான். நான் எட்டிப் பார்த்த அந்த நேரம் பார்த்து அது நின்றது.

அந்த மாதிரி ஒரு நிசப்தத்தை நான் கேட்டதில்லை. யாரோ "ஏய், இங்க வா!" என்று கூப்பிட்டது மட்டும் கேட்டது. மெஷினை எதற்காக நிறுத்துவார்கள்? யாராவது விழுந்தால்தானே நிறுத்துவார்கள்? கோல்ஃப் பந்து கல் மாதிரி இருக்கும். அதைத் தலையில் வாங்கினால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மட்டையை அப்படியே கீழே போட்டேன்.

படிக்கட்டில் தடதடவென்று இறங்கி வீட்டுக்குள் போனேன். வீட்டுக்காரர் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, பந்து வெளிய போயிடுச்சு. யார் மேலயோ பட்டுடுச்சுன்னு நினைக்கிறேன்."

அவர் அடுப்பை அணைத்தார். என் முகத்தைப் பார்த்தார். "யாராவது பார்த்தாங்களா?" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவர் கேட்ட கேள்வி படி இறங்கும்போதே எனக்குள் வந்துவிட்டது. வலையைக் கழற்றிவிட்டால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது, இந்தத் தெருவில் கோல்ஃப் ஆடுகிறவள் ஒருத்திதான் என்று யார் தேடி வரப்போகிறார்கள் என்றெல்லாம் மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில் யோசித்து முடித்திருந்தேன். அது அவர் வாயிலிருந்து வெளியே வந்தபோதுதான் எனக்கே அருவருப்பாக இருந்தது. "நான் போய்ப் பாக்குறேன், நீங்க மாடில நின்னு வழி சொல்லுங்க" என்றேன்.

டப்பா திசையையும் சொல்லியிருந்தது. நேர்கோட்டிலிருந்து கொஞ்சம் வலது. செல்போன் மேப்பில் எங்கள் கட்டடத்திலிருந்து அந்தத் திசையில் 118 மீட்டர் அளந்து பார்த்தேன். வெறும் மண்தரைதான் தெரிந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன். விட்டதும் உறைத்தது, அந்தப் படத்தில் புதுக் கட்டடமே இல்லை. எப்போதோ எடுத்த பழைய படம். இன்னொன்றும் உறைத்தது. டப்பாவின் கணக்கு சமதரைக்கு. நான் அடித்தது ஐந்தாவது மாடிக்கும் மேலிருந்து. பந்து இன்னும் தள்ளித்தான் இறங்கியிருக்கும். எவ்வளவு தள்ளி? நான் படித்த இன்ஜினியரிங் அந்த நேரத்தில் எந்த மூலையில் போய் ஒளிந்துகொண்டதோ.

ரோட்டைத் தாண்டினேன். காதில் போன். மேலே அவர். "நேரா போ. இன்னும் கொஞ்சம் வலது. அந்த மரம் பக்கம்" என்றார். வழியில் போன் ஒருமுறை அதிர்ந்தது. ஆம்புலன்ஸ், போலீஸ் என்று என்னென்னவோ நினைத்துப் பார்த்தால், அந்த லான்ச் மானிட்டர் ஆப்தான். இதுவரை அடித்ததிலேயே சிறந்த அடி, நண்பர்களுக்குப் பகிரவும் என்றது. நாசமாய்ப் போ என்று சத்தமாகவே திட்டினேன்.

தகரத் தடுப்பைத் தாண்டி உள்ளே போனால், மரத்தடியில் ஏழெட்டுப் பேர் வட்டமாகக் குனிந்து நின்றிருந்தார்கள். பக்கத்தில் இருந்த செங்கல் அடுக்கைப் பிடித்துக்கொண்டேன். கூட்டத்திலிருந்து ஒருவர் நிமிர்ந்தார். அவர் கையில் டீ கிளாஸ். இன்னொருவர் கையில் வடை. டீ வந்துவிட்டது என்றுதான் மெஷினை நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

தலையில் துண்டைச் சும்மாடாகச் சுற்றிய ஒரு பெண் என்னிடம் வந்தாள். அங்கே சித்தாள் வேலை பார்ப்பவள், இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

"இன்னா மேடம், ஃப்ளாட் பாக்க வந்தீங்களா? ஆபீஸு அந்தாண்ட கீது."

"இல்லம்மா. ஒரு பந்து... இந்தப் பக்கம் ஒரு பந்து வந்து விழுந்துச்சா?"

"வெள்ளையா, கல்லாட்டம் கெட்டியா? அது உங்களுதா? வாங்க."

தகர ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். அங்கே பூவரசின் தாழ்ந்த கிளையில் ஒரு பழைய புடவையில் தூளி கட்டியிருந்தது. தூளிக்குள் பத்து மாதம் இருக்கும் ஒரு குழந்தை எழுந்து உட்கார்ந்து, என் பந்தை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. எச்சில் ஒழுகப் பந்து பளபளத்தது.

"தகரத்துமேல டமால்னு சத்தம் மேடம். தூங்கிகினு இருந்த புள்ள அலறிட்டான். இது கீய உருண்டு கெடந்துச்சு. கையில குடுத்தேன், கம்முனு ஆயிட்டான்" என்றாள்.

கூரையைப் பார்த்தேன். விளிம்பில், புதிதாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்கும் தூளிக்கும் இடையில் இரண்டு முழம் இருந்தால் அதிகம். எத்தனை தடவை கண்ணால் அளந்தாலும் அது இரண்டு முழத்துக்கு மேல் ஏறவில்லை.

என் பார்வையை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். விலை கூடின பொருள், கேட்டு வந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். குழந்தையின் கையிலிருந்து பந்தைப் பிடுங்கி, தன் மேல்சட்டையில் துடைத்து என்னிடம் நீட்டினாள். குழந்தை வீறிட்டு அழுதது. "அவன் அய்வான் மேடம், நீங்க எடுத்துக்கோங்க" என்றாள்.

வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கக்கூட இல்லை. அப்படியே திரும்பியிருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன், நிம்மதியாகவும் இருந்திருக்க மாட்டேன்.

"நான்தாம்மா அடிச்சேன்" என்றேன். "அதோ, அந்த மாடிலேருந்து. அது பட்டிருந்தா... குழந்தை மேல பட்டிருந்தா..."

அவள் திரும்பி எங்கள் கட்டடத்தைப் பார்த்தாள். உச்சியில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைத்து, கையை உயர்த்தி ஆட்டினார் மனுஷன். அவள் மாடியைப் பார்த்தாள், தகரத்துப் பள்ளத்தைப் பார்த்தாள், தூளியைப் பார்த்தாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் இறுக்கி வைத்துக்கொண்டாள். இப்போது திட்டுவாள், கூட்டத்தைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். திட்டு, நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவள் திட்டவில்லை. குழந்தையின் அழுகை அடங்கும்வரை முதுகைத் தட்டினாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"நாளிக்கும் அடிப்பீங்களா மேடம்? எத்தினி மணிக்குன்னு சொல்லிட்டீங்கன்னா, தூளிய நான் அந்தாண்ட கட்டிக்கிறேன்."

"இல்லம்மா, இனிமே அடிக்கவே மாட்டேன்" என்றேன். "சத்தியமா."

"சரிங்க மேடம்" என்றாள். சொல்லிக்கொண்டே, குழந்தையை இடுப்பிலிருந்து இறக்காமல், ஒரு கையால் தூளியின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டாள்.