பெற்றீசியா வாயடக்கிய தபசு காலம்

கண்டி நகரத்துக் கொழும்புத் தெருவில் தையல் தைத்துப் பிழைத்த பெற்றீசியாவுக்குக் கை எவ்வளவு நிதானமோ, வாய் அவ்வளவு அவசரம். எதிரே நிற்பவர் பாதி சொல்வதற்குள் மீதியை இவளே சொல்லி முடித்துவிடுவாள். அதில் பெருமை வேறு. "அவங்க வாயைத் திறக்கிறப்பவே எனக்கு வெளங்கிரும்" என்பாள். ஒருமுறை, சித்தி றலியா என்கிற வாடிக்கைக்காரி பூவேலை செய்த வெள்ளைத் துணியோடு வந்து, "தங்கச்சி, இது எங்கட மூத்த மகள்ட..." என்று தொடங்கினாள். "கலியாணத்துக்குத்தானே! கழுத்து இறக்கம், கைக்கு லேஸ். நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்!" என்று அனுப்பிவிட்டாள் பெற்றீசியா. அடுத்த வாரம் சட்டையைக் கண்ட சித்தி றலியா கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தாள். "அல்லாவே! இது மகள்ட அறை ஜன்னலுக்குத் திரை தைக்கத் தந்த துணி!"

சட்டை மகளுக்கு அச்சாகப் பொருந்தியது. ஜன்னல்தான் மொட்டையாகக் கிடந்தது. பெற்றீசியா அதையும் தன் கெட்டிக்காரத்தனத்தில் சேர்த்துக்கொண்டாள்.

அவள் புருஷன் சுவக்கின் தேயிலைக் கிட்டங்கியில் பெட்டிகளுக்கு இலக்கம் எழுதுகிறவர். அவருக்குத் திக்குவாய். கலியாணமான புதிதில் அவர் "சீ" என்று தடுக்கினால் இவள் "சீனி" என்று கடைக்காரனிடம் சொல்லிவிடுவாள். அது உதவியாகத்தான் இருந்தது. போகப் போக அவர் "சீ" என்பதையும் நிறுத்திவிட்டார். வீட்டில் கேட்டது "ம்" ஒன்றுதான். பேசாத ஆள், கர்த்தர் படைத்த விதம் அப்படி என்று இவளும் நினைத்துக்கொண்டாள்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்திரண்டில், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான தபசு காலம் தொடங்குவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, மஹ்மூத் நானாவின் தேநீர்க்கடைக்கு மேசை விரிப்புகளைக் கொடுக்கப் போனாள். உள்ளே ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தால், நடுவில் உட்கார்ந்து கதை சொல்கிறவர் சுவக்கின்! வத்தேகமைக்கு இவளைப் பெண் பார்க்கப் போன கதை. இடையில் ஒரு சொல் தொண்டையில் சிக்கியது. தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த மஹ்மூத் நானாவின் கையும் அப்படியே நின்றது. யாரும் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. சொல் தானாக வந்தது. கடை மறுபடி சிரித்தது.

அவளைக் கண்டதும் சுவக்கின் வாயை மூடிக்கொண்டார்.

"மிச்சத்தச் சொல்லுங்க" என்றாள்.

"ஒ... ஒனக்குத்தான் தெரியுமே."

அந்தக் கதையை அவர் வீட்டில் தொடங்கிய போதெல்லாம் "எனக்குத்தான் தெரியுமே" என்று அவள் வெட்டி வந்த பேச்சு அது. வீட்டுக்கு வந்து மெஷினில் தலையை வைத்து அழுதாள். ஊருக்கெல்லாம் திறக்கிற வாய் எனக்கு மட்டும் பூட்டா என்று முதலில் ஆத்திரம் வந்தது. பூட்டியது யார் என்று பிறகுதான் உறைத்தது. அந்தக் கதையை அவர் வாயாலேயே முழுசாகக் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு வெறியே பிடித்துவிட்டது.

தபசு காலத்தில் ஊரில் சிலர் இறைச்சியை விடுவார்கள், சிலர் சாராயத்தை விடுவார்கள். கோயிலில் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சாமியார், "இந்தத் தபசுக்கு எதை..." என்று ஆரம்பித்தார். "குறுக்கே பேசுறத விடப்போறேன் சாமி!" என்று குறுக்கே பேசினாள் பெற்றீசியா. திரைக்கு அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கும் இருமல் கேட்டது.

பிரதிக்கினை எடுப்பது சுலபம். நாக்கு கேட்க வேண்டுமே! தையற்காரிக்குத் தெரிந்த வழியைப் பிடித்தாள். யாராவது பேச வந்தால் உதடுகளுக்கிடையே குண்டூசிகளைக் கடித்துக்கொண்டாள். அன்று சாயந்தரம் சுவக்கின் வந்து பார்த்தார். பெண்சாதி பேசவில்லை. பயந்துபோய், "ப... பல்வலியா?" என்றார். ஊசியோடு அவள் தலையை ஆட்டிய ஆட்டு எப்படிப்பட்டதோ, மனிதர் கராம்புத் தைலம் வாங்க ஓடினார்.

சாயந்தர ஜெபம் முடிந்ததும் ஆத்துமசோதனை செய்வாள். இன்று யார் பேச்சை வெட்டினேன்? ஒருவர் பேச்சையும் இல்லை. கெட்டிக்காரிதான்! ஒரு நாள் அப்படித் தன்னையே மெச்சிக்கொண்டிருந்தபோது, காலையில் சித்தி றலியா வந்து என்ன சொன்னாள் என்று யோசித்தாள். ஒன்றும் ஞாபகம் இல்லை. அவள் பேசியபோதெல்லாம் இவள் மனதுக்குள் மறுமொழி தைத்துக்கொண்டிருந்தாள். வாய் ஒருசந்தி இருக்க, மனசு விருந்து சாப்பிட்டிருக்கிறது.

மறுநாள் ஊசிகளைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பிரதிக்கினையை மாற்றினாள். தினம் ஒருவரிடமிருந்தாவது தனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டு அறிய வேண்டும், அவ்வளவுதான். கேட்கக் கேட்க ஆச்சரியமாக இருந்தது. சித்தி றலியாவுக்கு ஊசி கோக்கக் கண் தெரியாதாம். பால்காரர் கறுப்பையா தெல்தோட்டையில் கூத்தில் பெண் வேஷம் கட்டியவராம். பிரித்துத் தைக்கும் வேலையும் குறைந்துபோயிற்று. ஆனால் சுவக்கின் மட்டும் "ம்" என்ற இடத்திலேயே நின்றார்.

தபசின் கடைசி ஞாயிறான குருத்தோலை ஞாயிறு வந்தது. பூசை முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் குருத்தோலையில் சிலுவை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, என்னையப் பாக்க வந்த கதை எனக்குத் தெரியாதுங்க. சொல்றீங்களா?"

"தெ... தெரியுமே."

"மழை பேஞ்சது தெரியும். வேற ஒண்ணும் தெரியாது."

அவர் கையிலிருந்த ஓலையைக் கீழே வைத்தார். பிறகு மெல்லத் தொடங்கினார். ரயிலில் வந்தது, குடை இல்லாதது, எல்லாம் மெதுவாக வந்தது. "நான் அன்னைக்கு வந்ததே... வே... வே..." என்று நின்றுவிட்டது.

பெற்றீசியாவின் நாக்கு நுனியில் சொற்கள் முண்டியடித்தன. எல்லாவற்றையும் விழுங்கினாள். கையிலிருந்த ஓலைதான் கிழிந்தது.

"வேணாம்னு சொல்லத்தான் வந்தேன்."

அவள் கிழிந்த ஓலையை மடியில் போட்டுவிட்டு, குறுக்கிடாமல் கேட்டாள்.

"திக்குவாய்க்காரனுக்கு வாக்கப்பட்டு ஒரு பொண்ணு ஏன் கஷ்டப்படணும்? ஒங்க அப்பாகிட்ட அதச் சொல்ல வாயத் தெறந்தேன். நீ கோப்பியோட வந்த. கூச்சமில்லாம மழையப் பத்தி, சந்தையில கருவாட்டு வெலையப் பத்தி பேசின பாரு... எனக்கு எடமே கெடைக்கல. மழை விட்டப்ப ஒங்க அப்பா நாளே குறிச்சிட்டாரு."

சிரிப்பு அவளுக்குக் குபீரென்று வந்தது. அவரும் சிரித்தார்.

"எனக்குச் சந்தோஷம். இந்தப் பொண்ணு இருந்தா நான் பேசவே வேணாம்னு நெனச்சேன்." மறுபடி ஓலையைக் கையில் எடுத்தார். "அப்புறம் ஒங்கூடப் பே... பேசணும்னு ஆசை வந்துச்சு. அப்பவும் எடம் கெடைக்கல."

அவள் சிரிப்பு அப்படியே அழுகையானது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்து இந்த மனுஷனைத் தனியாக விட்டுவிட்டோமே என்று துக்கம் பொங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அழாத. நீ பேசாம இருந்த இந்தத் தபசு பூரா வீடு செத்த வீடு மாதிரி இருக்கு. நீ பேசணும். நான் முடிச்சப்புறம் பேசு."

சொல்ல அவளிடம் மலையளவு இருந்தது. வாயைத் திறந்தாள்.

"முடிச்சிட்டீங்களா?"

சுவக்கின் யோசித்தார். "இ... இன்னும் இல்ல" என்றார்.

அவள் கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவர் திரும்பிப் போன ரயிலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.